சிறுவாட்டுக் காசும் ராட்டினமும்

தமிழில் உள்ள பொருளாதாரச் சொற்களுக்குள் மிக அழகானது 'சிறுவாடு' என்பது என் கட்சி. மதுரைச் சீமையிலும், அதற்கு மேற்கே தேனி, சின்னமனூர், கம்பம் வட்டாரத்திலும் இந்தச் சொல்லை அறியாத வீடு கிடையாது. குடும்பத் தலைவனின் கண்ணில் படாமல் குடும்பத் தலைவி சேர்த்து வைக்கும் பணத்துக்குப் பெயர் சிறுவாடு. முட்டை விற்ற காசு, மோர் விற்ற காசு, அண்ணன் வந்து போகும்போது கையில் திணித்துவிட்டுப் போன காசு, கடைக்குக் கொடுத்த ரூபாயில் திரும்பி வந்து, ஆனால் திருப்பிக் கொடுக்கப்படாத காசு. எல்லாம் அடுக்குப்பானையின் அடியிலோ, அஞ்சறைப்பெட்டியின் கடுகுக்குள்ளேயோ போய்ச் சேரும். கணவனுக்குத் தெரியாது என்பது ஐதீகம். அவனுக்குத் தெரியும் என்பதும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டான் என்பதும் வேறு விஷயம்.

இந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. ஆனால் நோக்கம் உண்டு. திடீரென்று வரும் மருத்துவச் செலவு ஒன்று. பிரசவத்துக்கு வரும் மகள் ஒன்று. மூன்றாவது, ஆண்டு தவறாமல் வரும் வீரபாண்டித் திருவிழா.

கோடை விடுமுறை வந்தால் இப்போதெல்லாம் குடும்பங்கள் 'தீம் பார்க்' என்று சொல்லப்படும் உல்லாசப் பூங்காக்களுக்குப் போகத் திட்டம் போடுகின்றன. சம்பளத்தில் இவ்வளவு ஒதுக்குவது, சீட்டு எடுத்தால் இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு என்று காகிதமும் பென்சிலுமாக உட்காருகிறார்கள். அல்லது கைப்பேசியும் விரலுமாக. இது என்னவோ நேற்று முளைத்த நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அது சரியல்ல. குடும்பம் முழுவதும் ஒருநாள் கூத்துக்குப் புறப்படுவதும், அதற்காக மாதக் கணக்கில் காசு சேர்ப்பதும், ராட்டினத்தின் அடியில் நின்றுகொண்டு காசை எண்ணிப் பார்ப்பதும் இங்கே மிகப் பழைய வழக்கம். மாறியது ஒன்றுதான்: காசு வாங்குகிற இடம். முன்பு ராட்டினத்தடியில் வாங்கினார்கள். இப்போது வாசலில் வாங்குகிறார்கள். சின்ன மாற்றம்தான். அதனால் குடும்பம் என்றால் யார் யார் என்கிற கணக்கே மாறிவிட்டது.

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சிறிது தூரத்தில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. கண்ணொளி இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கே கௌமாரியை வழிபட்டு ஒளி பெற்றான் என்பது தல வரலாறு. சித்திரை மாதத்தின் கடைசிச் செவ்வாயை ஒட்டி எட்டு நாள் திருவிழா. அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னதாகவே முக்கிளை உள்ள அத்திமரக் கம்பத்தை நட்டுவிடுவார்கள். ஜனங்கள் ஆற்றில் நீர் மொண்டு வந்து அந்தக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். பிறகு தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, உடம்பெல்லாம் சேறு பூசிய சேத்தாண்டி வேஷம், வெள்ளிக்கிழமை தேர். இவை அம்மனுக்கு. சாலைக்கு அந்தப் பக்கம் வளையல் கடை, பாத்திரக் கடை, மிட்டாய்க் கடை, சர்க்கஸ், மரணக்கிணறு, ராட்டினம். இவை பிள்ளைகளுக்கு. இரண்டுக்கும் நடுவே எந்தச் சுவரும் கிடையாது. நேர்த்திக்கடன் செலுத்திய ஈரப் புடவையோடு பெண்கள் ராட்டினத்தடியில் நிற்பதை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

சித்திரையில் திருவிழா வருவது வெறும் பஞ்சாங்க விஷயம் அல்ல. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும் பஞ்சத்துக்குப் பின்னர், மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் திட்டம் உயிர் பெற்றது. பென்னிகுவிக் முன்னின்று கட்டிய அந்த அணையிலிருந்து மலையைக் குடைந்து நீரைக் கொண்டு வந்தார்கள். 1895 அக்டோபர் 10-ம் தேதி சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு அதைத் திறந்து வைத்தார். பள்ளத்தாக்கில் இருபோக நிலம் என்று இன்று கணக்குச் சொல்லப்படுவது 14,707 ஏக்கர். ஆனியை ஒட்டி முதல் போகத்துக்குத் தண்ணீர். இரண்டாம் போகம் பங்குனிவாக்கில் களம் சேரும். ஆகவே சித்திரை பிறக்கும்போது பத்தாயத்தில் நெல்லும், மடியில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கும். பென்னிகுவிக் துரை ராட்டினத்தை நினைத்துக்கொண்டு அணை கட்டியிருக்கமாட்டார். ஆனாலும் ராட்டினக்காரர்கள் அவருக்கு ஒரு மாலை போட்டால் தப்பில்லை. பள்ளத்தாக்கில் இன்றும் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள்.

நான் கதை எழுதுகிறவன். ஆகவே ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளும் உரிமையை வாசகர்கள் எனக்கு அளிக்க வேண்டும். சின்னமனூர் பக்கம் ஒரு சிற்றூர். வருஷம் 1957. தாய், தகப்பன், கிழவி ஒருத்தி, பிள்ளைகள் நான்கு பேர். மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது. பயணம் சொந்த மாட்டுவண்டியில். 1928-ல் போடிநாயக்கனூர் வரை வந்த ரயிலை யுத்த காலத்தில் தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போய், 1950-களில்தான் திரும்பப் போட்டிருந்தார்கள். ஆனால் இவர்கள் ஊருக்கு அந்த ரயிலால் பிரயோஜனம் இல்லை. அதனால் நஷ்டமும் இல்லை. வண்டியில் ஆறு பேர் ஏறினாலும் மாடு தின்பது அதே வைக்கோல்தான். ஏழாவதாகக் கிழவி ஏறினாலும் அதேதான். அடுத்த வீட்டு அநாதைக் கிழவியும் வந்து தொற்றிக்கொண்டால், மாட்டைத் தவிர யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. சாப்பாடு வீட்டிலிருந்து வந்த கட்டுச்சோறு: புளியோதரை, துவையல், ஒரு தூக்குச்சட்டி மோர். திருவிழாவில் நுழையக் கட்டணம் கிடையாது.

ஆகவே அந்தத் தாயின் சிறுவாடு முழுவதும் உள்ளே செலவாக வேண்டிய பணம். அவள் அதைப் பிரித்த முறையைப் பாருங்கள். முதலில் அம்மனுக்கு முடிந்து வைத்தது. அது மஞ்சள் துணியில் தனி. அடுத்து வீட்டுக்கு ஒரு பாத்திரம். திருவிழாவுக்குப் போய்ப் பாத்திரம் இல்லாமல் திரும்பினால் மாமியாரிடம் பதில் சொல்ல முடியாது. அப்புறம் பெண்களுக்கு வளையல். மீதி இருப்பது பிள்ளைகளின் கைக்காசு. ஆளுக்கு இரண்டணா என்றால் நான்கு பேருக்கு எட்டணா, அரை ரூபாய். அந்த இரண்டணாவுக்கு அந்தந்தப் பிள்ளையே எஜமான். ராட்டினமா, பஞ்சுமிட்டாயா, ஊதலா? ஒன்று வாங்கினால் மற்றொன்று இல்லை. நிதி மந்திரிகள் படும் பாடு அது.

அந்த வருஷம் இன்னொரு தமாஷும் சேர்ந்துகொண்டது. 1957 ஏப்ரல் முதல் தேதியன்றுதான் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற புதுக் கணக்கு அமலுக்கு வந்தது. திருவிழா கூடியபோது புதுக் காசுக்கு வயது ஒரு மாதத்துக்குச் சற்று மேல். பழைய காசும் புதுக் காசும் கலந்து புழங்கின. அரசாங்க மாற்று விகிதப்படி நாலணாவுக்கு 25 நயா பைசா. ஆனால் இரண்டணாவுக்குப் பன்னிரண்டரை இல்லை, 12. அரைப் பைசாவுக்கு நாணயம் கிடையாதே! ஆகையால் இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து நாலணா நீட்டினால் 25. தனித்தனியாக இரண்டிரண்டணா கொடுத்தால் 24. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் ஒரே நாளில் இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் கற்பனைப் பெண், அந்த ஒன்பது வயது மூத்தவள், தன் காசில் பாதிக்குத் தொட்டில் ராட்டினம் ஏறினாள். நான்கு மரத் தொட்டில். ஆட்கள் கையால் பிடித்துத் தள்ளுகிற ராட்டினம். இறங்கியதும் தாயிடம் ஓடினாள்.

"ஆத்தா, இன்னும் ஒரே ஒரு சுத்து!"

"உன் காசு, உன் இஷ்டம். அப்புறம் மிட்டாய்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

கிழவி பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்குக் காசு இல்லை. எட்டு நாள் உட்கார்ந்து பார்த்தாலும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1959 ஜனவரி 21-ம் தேதி, ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணையை முதலமைச்சர் காமராஜ் திறந்து வைத்தார். அணையின் உயரம் 111 அடி. மைசூர் ராஜ்யத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணையடியில் போட்ட பிருந்தாவனத் தோட்டம் ஏற்படுத்திய மோகம் அப்போது நாடெங்கும் இருந்தது. வைகை அணைக்கும் இரு கரையிலும் பூங்கா அமைந்தது. பொங்கலுக்கு மறுநாள்களிலும் ஆடிப் பெருக்கிலும் பள்ளத்தாக்கே அங்கே திரண்டு போயிற்று. சர்க்கார் கட்டிய உல்லாசம் என்பதால் வாசலில் ஒரு சிறு கட்டணம் வந்தது. ஆனால் கட்டுச்சோற்று மூட்டையை யாரும் தடுக்கவில்லை. கிழவிகளும் போனார்கள். மேடேற முடியாதவர்கள் புல்லில் படுத்துத் தூங்கினார்கள்.

வாசலில் மொத்தமாக வாங்குகிற வித்தை சீமையிலிருந்து வந்தது. அங்கேயும் அது ஒரே நாளில் வரவில்லை. 1893-ல் சிக்காகோ கண்காட்சியில் ஃபெர்ரிஸ் என்ற எஞ்சினீயர் 264 அடி உயரத்துக்கு ஒரு ராட்டினத்தை நிறுத்தினார்; ஒரு தொட்டிலில் அறுபது பேர் ஏறலாம். கண்காட்சிக்குள் நுழைய ஐம்பது சென்ட். அந்த ராட்டினத்தில் இரண்டு சுற்றுச் சுற்றவும் ஐம்பது சென்ட். நம் வீரபாண்டி முறைதான், தொகைதான் பெரிது. 1955 ஜூலை 17-ம் தேதி கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னி திறந்த டிஸ்னிலாந்து, உலகத்துத் தீம் பார்க்குகளுக்கெல்லாம் தாய்வீடு என்று சொல்லலாம். அங்கே கூட முதலில் வாசலுக்கு ஒரு டாலர், உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் காசு. சில மாதத்தில் சீட்டுப் புத்தகம் ஒன்று வந்தது. நாளடைவில் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து தரம். 'ஏ' சீட்டுக்குச் சாதுவான விளையாட்டு; 'ஈ' சீட்டுக்கு அடிவயிறு கலங்கும் விளையாட்டு. 'ஈ' முதலில் தீர்ந்துவிடும். 'ஏ' சீட்டுகள் மிஞ்சி மேஜை அறைகளில் வருஷக் கணக்கில் கிடக்கும். அமெரிக்கக் குழந்தையும் நம் சின்னமனூர்க் குழந்தையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1982-ல் டிஸ்னிலாந்து சீட்டுப் புத்தகத்தைக் கைவிட்டது. வாசலில் ஒரே விலை; உள்ளே எதில் வேண்டுமானாலும் ஏறலாம். குழந்தைகளுக்கு நல்ல காலம் என்று தோன்றும். அதில் உண்மையும் இருக்கிறது. ராட்டினத்தடி முறையில் ஒரு கொடுமை உண்டு: சித்தப்பா பிள்ளைகள் ஐந்து முறை ஏறும்போது, இரண்டணாப் பிள்ளை கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே விலை வந்தபின் உள்ளே போய்விட்ட பிள்ளைகளுக்குள் பணக்காரன், ஏழை பேதம் இல்லை. ஆனால் ஏழை உள்ளே போகவில்லை. வேலிக்கு வெளியே நின்றுவிட்டான். அங்கிருந்து அண்ணாந்து பார்க்கவும் வழி இல்லை. அதுவும் போகட்டும் என்றால், உள்ளேயும் அந்தச் சமத்துவம் நிலைக்கவில்லை. வரிசையில் நேரத்தை மிச்சப்படுத்தும் சீட்டை டிஸ்னி 1999-ல் இலவசமாகத் தொடங்கியது. 2021-ல் அதற்குக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டது. நம் நாட்டுப் பூங்காக்களிலும் வரிசையைத் தாண்டிப் போகத் தனி விலைச் சீட்டு வந்திருக்கிறது. முன்பு ராட்டினத்துக்குக் காசு; இப்போது வாசலுக்கும் காசு, முந்துவதற்கும் காசு.

நம் நாட்டில் 1984 நவம்பரில் டில்லியில் 'அப்பு கர்' திறக்கப்பட்டது, 2008-ல் மூடப்பட்டது. 1989-ல் மும்பைக்கு அருகே எஸ்ஸெல் வோர்ல்டு. 1995-ல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா. 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் அதைத் தொடங்கினார். 2000-ல் கொச்சியில் வீகாலாண்ட். இப்போது அதன் பெயர் வொண்டர்லா. மதுரைக்கு அருகே பரவையில் அதிசயம் என்ற பூங்கா வந்தது. சர்க்கார் வரியும் கூடவே வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்தப் பூங்காக்களுக்கு 28 சதவீதம். அடுத்த ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைத்தார்கள்.

தேனிக்காரர்களின் துரதிர்ஷ்டம், இந்தப் பூங்காக்கள் பெருகிய காலத்தில் ஊருக்கு ரயிலே இல்லாமல் போனது. அகலப் பாதை போடுவதற்காக 2010 முடிவில் நிறுத்திய மதுரை–போடி ரயில், தேனி வரை திரும்பி வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூனில். நடுவில் பன்னிரண்டு வருஷம் போல வேன் வாடகைதான் குடும்பப் பட்ஜெட்டைத் தின்றது. அதனால் பள்ளத்தாக்கில் பல பிள்ளைகள் முதன்முதலில் தீம் பார்க்கைப் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில். வீட்டிலிருந்து ஒரு பிள்ளைக்குத்தான் பணம் கட்ட முடிந்தது என்றால் மற்றொன்று அழுதது.

சரி, நம் கதைக்குத் திரும்புவோம். 1957-ல் ராட்டினம் ஏறிய அந்தப் பெண் இப்போது அப்பத்தா. எண்பதை நெருங்குகிறாள். விடிவதற்கு முன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், கூலி வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். அவளுக்கும் சிறுவாடு உண்டு. பானைக்குப் பதில் மகளிர் குழுவின் சேமிப்புப் புத்தகம். 2023 செப்டம்பரில் சர்க்கார் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை கொடுக்க ஆரம்பித்தபோது, தனக்கு வந்ததையும் அப்படியே வங்கியில் விட்டு வைத்தாள்.

கோடை விடுமுறையில் மகன் திட்டம் போடுகிறான். குமுளி வழியாக மலை ஏறிக் கொச்சிப் பக்கம் ஒரு பூங்கா. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு, மகள் வயிற்றுப் பேத்தி ஒன்று, அப்பத்தா, ஆறு தலை. கட்டணம் பூங்காவுக்குப் பூங்கா, நாளுக்கு நாள் மாறும். வேலை நாளில் சற்றுக் குறைவு, விடுமுறையில் கூடுதல். கணக்குக்காகத் தலைக்கு 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறாயிரம். பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. அதற்குச் சில பூங்காக்களில் வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். பஸ்ஸில் மூன்று வருஷம் தொடர்ந்து நாலு வயதிலேயே இருந்த பிள்ளைகளை நாம் அறிவோம். அளவுகோலிடம் அந்த ஜாலம் பலிக்காது. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. ஆகவே புளியோதரையின் இடத்தில் ஆறு இலைக்கான பணம். நீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி ஆகாது. நைலான் உடுப்பு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். துணிமணியைப் பூட்டி வைக்கப் பெட்டி வாடகை. இரவு தங்க அறை. கூட்டிப் பார்த்த மகன் பென்சிலை வைத்துவிட்டு மோட்டைப் பார்க்கிறான்.

முதியவர்களுக்குச் சலுகை தருகிற பூங்காக்கள் உண்டு. ஆனால் சலுகை என்றால் இலவசம் இல்லை. ராட்டினம் ஏறாத, தண்ணீரில் இறங்காத, நிழல் கண்ட இடத்தில் துண்டை விரிக்கப் போகிற ஒருத்திக்கும் வாசலில் தலையை எண்ணுவார்கள். எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று மகன் காகிதத்தில் தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பத்தா கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் அறுபது வருஷமாகச் சிறுவாடு சேர்த்தவள் அல்லவா?

"ஏய்யா, சும்மா ஒக்காந்து பாக்கிறதுக்குமா அங்க காசு?"

"ஆமா ஆத்தா. உள்ள வந்தாலே காசுதான்."

"அப்ப நான் எதுக்கு? எனக்கு அதெல்லாம் தலை சுத்தும். ஆடு, கோழிய யாரு பாக்குறது? நீங்க போயிட்டு வாங்க."

வீட்டில் ஆடும் கிடையாது, கோழியும் கிடையாது. மருமகள் இரண்டு முறை வற்புறுத்துகிறாள். மூன்றாம் முறை வற்புறுத்தவில்லை. நான் அந்த மருமகளைக் குறை சொல்லமாட்டேன். அவளும் கணக்குத் தெரிந்தவள்தான்.

வீரபாண்டி முறையே சொர்க்கம் என்று நான் சாதிக்க வரவில்லை. ராட்டினம் போடும் உரிமையைக் கோயில் நிர்வாகம் ஏலம் விடுகிறது. ஏலத்தொகை ஏற ஏற, ராட்டினத்தில் ஏறும் பிள்ளையின் காசும் ஏறத்தான் செய்யும். மின்சார ராட்டினம் ஒன்றில் நான்கு பேர் நான்கு முறை ஏறினால் இன்றைக்கு நூறு ரூபாய்த் தாள்கள் பறந்துவிடும். கூட்ட நெரிசல், வெயில், புழுதி எல்லாம் உண்டு. 2020-லும் 2021-லும் கொரோனாவால் திருவிழா இல்லாமல் போய், 2022-ல் மறுபடி கூடியபோது, அந்தப் புழுதிக்காகவே ஜனங்கள் ஏங்கிக் கிடந்தது தெரிந்தது. அப்பத்தாவும் போனாள். பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. 2021-ல் வந்த திட்டம். கம்பத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, ராட்டினத்துக்கு எதிரே கடையோரத்தில் உட்கார்ந்து, பேத்தி எத்தனை சுற்றுச் சுற்றினாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். தன் முந்தானையிலிருந்து மேலும் ஒரு சுற்றுக்கு எடுத்தும் கொடுத்தாள்.

கொச்சிப் பயணத்துக்கு ஏழு பேர் உட்காரும் வாடகைக் கார் வந்தது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேச்சு. ஆள் கணக்கு இல்லை. அப்பத்தா பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் கையில் வைத்து, "உங்க காசு, உங்க இஷ்டம்" என்று சொல்லி அனுப்பினாள். ஜன்னலோரம் அவளுக்கென்று இருந்த இடத்தில், மாற்றுத் துணி நிரம்பிய பை ஒன்று உட்கார்ந்து போயிற்று.